பூனை மணலை இனி நீதான் அள்ள வேண்டும்

தம்பி,

நீயும் ரேவதியும் நலமா என்று கேட்டுத் தொடங்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே அப்படிக் கேட்க எனக்குக் கை வரவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் கூப்பிட்டால் நீ "கம்பெனி லைன்ல கீறேம்பா, அப்பறம் பேசறேன்" என்பாய். அப்புறம் என்பது உன் கணக்கில் எந்தக் கிழமை என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆகையால் தாளில் எழுதி, ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். டீ பிரேக்கில் ஓரமாக உட்கார்ந்து படி. முழுவதும் படி. முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பி என் கோபத்தைக் கிளறாதே.

உங்கள் பூனை பட்டாணி என்னிடம்தான் இருக்கிறது. நீ சொன்ன இடத்தில் நான் அதை விடவில்லை. இந்த வரியை எழுதும்போது அது என் முழங்கைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, பேனா அசைகிறபோதெல்லாம் ஒரு காலால் தட்டிப் பார்க்கிறது. எழுத்து அங்கங்கே கோணினால் அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைக்காதே, காரணம் அதுதான்.

அன்றைக்கு நீ என்னை உடனே படப்பைக்கு வரச் சொன்னபோது, ரேவதிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தேன். மருமகளுக்கு ஐந்தாம் மாதம், அதுவும் முதல் பிள்ளை. எனக்கு வேறு என்ன நினைப்பு வரும்? நீ மாடிக் கதவைத் திறந்து, மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்த கைக்குட்டையை இறக்கிவிட்டு, என் கையில் ஓர் அரிசிப் பையைத் திணித்தாய். பை அசைந்தது. "நாத்தம் தாங்கலப்பா. அவளுக்கு வாந்தியே நிக்கல. ஒரகடம் தாண்டி ஏதாவது கம்பெனி கேண்டீன் பின்னால வுட்டுடு. மீந்த சோறு கெடைக்கும், பொழச்சிக்கும். அவகிட்ட பால்கனி வழியா எகிறி ஓடிடுச்சுன்னு சொல்லிக்கிறேன்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள், "அவ ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிச்சி வர்றதுக்குள்ள கெளம்பிடு. உனுக்குத்தான் நாத்தமே தெரியாதே, உனுக்கு இன்னா கஷ்டம்?" என்றும் சேர்த்துக்கொண்டாய்.

அந்தக் கடைசி வார்த்தைக்கு நான் சிரித்திருக்க வேண்டும், நீயும் அப்படி எதிர்பார்த்துத்தான் சொன்னாய். ஊரே காய்ச்சலில் கிடந்த வருடத்தில் என் மூக்கு செத்துப்போனது உனக்குத் தெரியும். எல்லோருக்கும் சில வாரத்தில் திரும்பி வந்த வாசனை, எனக்கு மட்டும் வரவேயில்லை. கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் தின்னர் கொஞ்சம் கூடுதலாகக் கலந்திருந்தால் கதவுக்கு வெளியிலிருந்தே சொன்னவன் நான். இன்றைக்கு அடுப்பில் பால் தீய்ந்தாலும் எனக்குத் தெரியாது. அம்மா மீன் குழம்பு வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், நான் புளிப்பையும் காரத்தையும் வைத்து ஊகித்து நன்றாக இருக்கிறது என்பேன், அவளுக்கும் அது ஊகம் என்று தெரியும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நாற்றத்தை உலகத்திலேயே மிகத் தவறான ஆளிடம் நீ ஒப்படைத்தாய். அதனால்தான் இதை எழுத எனக்கு விஷயம் கிடைத்தது.

ஷேர் ஆட்டோவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூனை கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எரிச்சல் வந்து எங்காவது இறக்கிவிட்டிருப்பேனோ என்னவோ. பைக்குள்ளிருந்து மூச்சு மட்டும் என் தொடையில் சூடாகப் பட்டுக்கொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த பெண், "இன்னா தாத்தா, கோழியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஒரகடத்தில் இறங்கி நின்றேன். டிரெய்லர் லாரிகள் கார்களை இரண்டு அடுக்காகத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இதற்குள்ளே உன் வீட்டு அலமாரியைத் தவிர எந்த உயரத்தையும் பார்த்திராத பூனையை இறக்கிவிட்டு, பிழைத்துக்கொள்ளும் என்று எப்படித் திரும்பிப் போவது? பைக்குள் கையை விட்டு அதன் தலையைத் தொட்டேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பென்னலூர் வீட்டுக்கே வந்துவிட்டேன்.

அம்மா பையைப் பார்த்துவிட்டு என்ன சொல்லியிருப்பாள் என்று உனக்கே தெரியும். "இன்னாங்க இது, அவன் வூட்டு நாத்தத்தை இங்க தூக்கிகினு வந்துகீற?" என்றாள். பிறகு விஷயத்தைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே கீரைக் கட்டு முழுவதையும் ஆய்ந்து முடித்தாள். கடைசியில், "இருக்கட்டும். ஆனா எனுக்கு வீசிங் கீது. வூட்ல ஒரு நாள் நாத்தம் வந்துச்சுன்னா, அதுவும் வெளிய, நீயும் வெளிய" என்று தீர்ப்பு சொன்னாள். மூக்கு இல்லாதவன் நாற்றம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மூக்கு உள்ளவள் பிடித்துவிட்டால் பூனைக்கு வாழ்வு இல்லை. ரிடையர் ஆனபிறகு எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் இதுதான்.

நான் முதலில் என்ன செய்தேன் என்று சொன்னால் உனக்குச் சிரிப்பு வராது. குளியலறையில் ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டை வைத்து, பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த எம்-சாண்டைக் கேட்டு வாங்கி நிரப்பினேன். நீயும் அதைத்தான் நிரப்பியிருந்தாய், பார்த்தேன். நம் பக்கத்தில்தான் எந்தத் தெருவில் திரும்பினாலும் எம்-சாண்ட் குவியல் கிடக்கிறதே, பூனைக்கென்று தனியாக மணல் எதற்கு என்று நம் இரண்டு பேருக்கும் ஒரே புத்தி. அது கல்லை உடைத்த தூள். ஈரத்தைப் பிடித்து வைக்காது, மூத்திரம் நேராக அடியில் இறங்கித் தட்டில் தேங்கி நிற்கும். அது தேங்கியது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு நாள் போனதும் அம்மா குளியலறைப் பக்கம் வந்து முகத்தைச் சுளித்தாள். பயந்துவிட்டேன். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, மழைக்காலத்தில் தெருவில் தூவ வாங்கி மிச்சமிருந்த பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, அந்த மணலின் மேலேயே ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுக்கு நாற்றம் போகக்கூடாது என்று ஜன்னலையும் சாத்தினேன், கதவையும் சாத்தினேன்.

கண் எரிந்தது. வியர்வை என்று துடைத்தேன். தொண்டை கமறியது. தூசி என்று செருமினேன். வேறு யாராக இருந்தாலும் முதல் மூச்சிலேயே மூக்கு எச்சரித்து வெளியே துரத்தியிருக்கும். எனக்கு எச்சரிக்க ஆள் இல்லை. அம்மா திரும்பி வந்து கதவைத் தள்ளியவள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வெளிய வாய்யா!" என்று போட்ட சத்தம் தெருமுனைக்குக் கேட்டிருக்கும். என்னை இழுத்துத் தள்ளிவிட்டு அவள் வாசலில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தாள். பட்டாணி நல்லவேளையாக சமையலறையில் இருந்தது. அம்மாவின் வீசிங் மருந்துப் பம்பைத் தேடி எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினேன். நாற்றத்தைக் கொல்லப் போய் நான் அவளைக் கொன்றிருப்பேன் தம்பி. இதை மறைக்காமல் உன்னிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. உன் வீட்டுப் பால்கனியில் பூனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே பிளீச்சிங் பவுடர் டப்பா, கக்கூஸ் ஆசிட், கறுப்பு பினாயில் மூன்றும் வரிசையாக நின்றதை நான் பார்த்தேன்.

மறுநாள் பூனையைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரம்மாவிடம் போனேன். பூனைக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் திட்டு. பூனை மூத்திரம் நிற்க நிற்க அதிலிருந்து அமோனியா கிளம்புமாம். கண்ணைக் கரிக்கிற அந்த நெடியே அதுதானாம். பிளீச்சிங் பவுடர் அதோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். ஆசிட்டோடு சேர்ந்தாலும் வரும், வினிகரோடு சேர்ந்தாலும் வரும். "ஒண்ணு நல்லா சுத்தம் பண்ணும், அப்போ ரெண்டு சேர்ந்தா இன்னும் நல்லா பண்ணும்னு நெனச்சிட்டீங்க போல" என்றார். அப்படியேதான் நினைத்தேன். பெயிண்ட் ஷாப்பில் எந்த டப்பாவோடு எந்த டப்பா ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது என்று புதுப் பையன்களுக்குப் பாடம் எடுத்தவன், சொந்த வீட்டுக் குளியலறையில் அந்தப் பாடத்தைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டேன். கம்பெனியில் இருந்தால் ரசாயனம், வீட்டில் இருந்தால் பினாயில், இப்படித்தான் நமக்கெல்லாம் புத்தி போகிறது.

பினாயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் வீடு முழுக்க நீ பினாயில் போட்டுத் துடைப்பாய், அம்மா உனக்குப் பழக்கியது. பூனை நடந்து முடித்ததும் தன் காலை நக்குகிற பிராணி. தரையில் இருப்பது எல்லாம் அதன் வயிற்றுக்குள் போகும். பினாயில் அதற்கு விஷம். அலமாரியில் போடும் பாச்சை உருண்டையும் கற்பூரமும் விஷம், சளிக்குத் தடவும் யூகலிப்டஸ் தைலமும் ஆகாது. தட்டுக்குப் பக்கத்தில் பினாயில் நெடி அடித்தால் பூனை அந்தத் தட்டுக்கே போகாது, வேறு மூலை தேடும். உன் செருப்பு ஸ்டாண்டிலும் யூனிபார்மிலும் அது மூத்திரம் போய்விட்டது என்று வாரத்துக்கு ஒரு முறை போனில் புலம்பினாயே, அது வீம்புக்குச் செய்யவில்லை. நீதான் அதன் கக்கூஸைப் பூட்டி வைத்திருந்தாய்.

இப்போது இங்கே நான் செய்வதைச் சொல்கிறேன், ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எம்-சாண்டைக் கொட்டிவிட்டேன். ஈரம் பட்டால் கட்டியாக உருளும் பூனை மணல் படப்பைக் கடையிலேயே கிடைக்கிறது. தட்டின் அடியில் ஆப்பசோடாவை மெல்லிசாகத் தூவி, அதன்மேல் அந்த மணலை நான்கு விரல் உயரம் போடுகிறேன். சோடா அடியில்தான் இருக்க வேண்டும். மேலே கொட்டினால் காலில் ஒட்டிக்கொண்டு வாய்க்குப் போகும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கரண்டியால் கட்டிகளை அள்ளி, பையில் முடிந்து குப்பையில் போடுகிறேன். கக்கூஸில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு நாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, தட்டைப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, அப்படியும் நெடி இருந்தால் தண்ணீர் தாராளமாகக் கலந்த வெள்ளை வினிகரில் அலசி, மறுபடி நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் காய வைக்கிறேன். நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்க வைப்பது பார்க்கத்தான் அழகு, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வேலைக்கு ஆகாமல் போய்விடும். இஸ்திரி போடுகிறவரிடம் வாங்கிய கரித்துண்டுகளை ஒரு துணியில் கட்டித் தட்டுக்கு மேலே, பூனைக்கு எட்டாத உயரத்தில் மாட்டியிருக்கிறேன். அது எவ்வளவு வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது, அம்மா செய்கிறது என்கிறாள். தட்டைக் குளியலறையிலிருந்து எடுத்து, பின்பக்க ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டேன். ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்தாகிவிட்டது. காற்று வந்துபோகிற இடத்தில் பாதி வேலை தானாகவே நடந்துவிடுகிறது.

இதிலே ஒரு கூத்து இருக்கிறது. என் வேலை சரியா என்று எனக்கே தெரியாது அல்லவா? அதனால் காலையில் நான் அள்ளி முடித்ததும் அம்மா வந்து இடுப்பில் கை வைத்து நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பாள். முதல் நாள்களில், "ரீவொர்க்கு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவாள். பெயிண்ட் அடித்த கதவுகளை ட்யூப் லைட் வெளிச்சத்தில் தடவிப் பார்த்து மறுபடி செய் என்கிற அந்த வார்த்தையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். இந்த வயதில் எனக்கே திரும்பி வந்தது. இப்போதெல்லாம் "பாஸ்" என்கிறாள். போன வாரம் பாஸ் சொன்னபிறகும் அங்கேயே நின்று, பின்பக்கத்து முருங்கை பூத்திருக்கிறது, அதன் வாசனை வருகிறது, இந்தப் பக்கம் மண் நனைந்த வாசனை வருகிறது, யாரோ வெங்காயம் வதக்குகிறார்கள் என்று ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னாள். மூக்கு போனபிறகு அவள் இப்படிச் சொன்னது இதுதான் முதல் முறை. நானும் கேட்டதில்லை. நான் கேட்டால் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பாளோ என்று வீறாப்பாக இருந்துவிட்டேன். பூனையின் கழிவு அள்ளப் போய் எனக்கு இது கிடைத்தது.

மூக்கு இல்லாததால் ஒன்று கற்றுக்கொண்டேன். மூக்கு உள்ளவன் நாற்றம் வரட்டும் என்று காத்திருக்கிறான், வந்தபிறகு கோபப்படுகிறான். எனக்கு அந்த வசதி இல்லை. நேரம் ஆனதும் போய் அள்ளுகிறேன், நாற்றம் பிறப்பதற்கு முன்னாலேயே வேலை முடிந்துவிடுகிறது. நீ ஓ.டி. பார்த்துவிட்டு வந்து, நைட் ஷிப்ட் தூக்கத்துக்காக ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு படுத்து, வீக் ஆஃப் அன்றைக்கு மட்டும் அந்தத் தட்டைப் பார்த்தால் அது நாறாமல் என்ன செய்யும்?

இப்போது நான் கொஞ்சம் கடுமையாகப் பேசப் போகிறேன். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்தத் தட்டை யார் சுத்தம் செய்தது? ரேவதி. நின்றுகொண்டே செல்போன் போர்டு மாட்டும் வேலையை முடித்துவிட்டு வந்து, நாற்றம் என்று ஒரு நாள்கூட உன் வாயில் வராமல் பார்த்துக்கொண்டவள் அவள். பிறகு பிள்ளை உண்டானது. பூனையின் கழிவில் இருக்கும் கிருமி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, நீ தொடாதே, வீட்டில் வேறு யாராவது தினமும் எடுக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். பூனையை விரட்டச் சொல்லவில்லை. அது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், பச்சை இறைச்சி போடாதீர்கள், கை கழுவுங்கள் என்றுதான் சொன்னார். இதை எனக்குச் சொன்னவள் ரேவதிதான். உனக்குச் சந்தேகம் என்றால் அடுத்த தடவை அவளோடு நீயும் போய்க் கேள். லைனில் மாற்று ஆளாக ரிலீவர் வந்து நின்றால்தான் நாம் இடத்தை விட்டு நகருவோம், உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் டாக்டர் பேச்சைக் கேட்டு இடத்தை விட்டு நகர்ந்தாள். ரிலீவர் வரவில்லை. உன் வீட்டில் நாறியது அதுதான், பூனை இல்லை.

அந்த வாந்திக்குக்கூட முழுப் பழியைப் பூனைமேல் போடாதே. மசக்கையில் உன் அம்மாவுக்குச் சாதம் கொதிக்கிற வாசனையே ஆகாது. அதற்காக நான் சாதத்தை வீட்டை விட்டுத் துரத்தவில்லை, பின்பக்கத்தில் அடுப்பு மூட்டி நானே வடித்தேன். குழைந்துபோகும், கஞ்சி கையில் கொட்டும், உன் அம்மா அதைச் சாப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். நீ அப்போது அவள் வயிற்றுக்குள் இருந்தாய்.

நீ பூனை ஓடிவிட்டது என்று அவளிடம் சொன்ன அன்றே ரேவதி எனக்குப் போன் செய்தாள். "மாமா, பட்டாணி எகிறி ஓடிப்போச்சு மாமா. நான்தான் பால்கனிக் கதவைச் சரியா சாத்தாம போயிட்டேன் போல" என்று அழுதாள். செய்யாத குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டு அழுதாள். அந்த நேரம் பார்த்து என் மடியிலிருந்த பட்டாணி, அவள் குரல் கேட்டதும் கத்தியது. "மாமா, அங்க பூனை சத்தம் கேக்குது?" என்றாள். "பக்கத்து வூட்டுப் பூனைம்மா" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? உன்னைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. நீயே ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடுவாய் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் அந்தப் பெண்ணிடம் நானும் பொய்யனாகிவிட்டேன்.

அதன்பிறகு பூனை மணல் வாங்கப் படப்பைக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை, கடையோடு திரும்பிவிட நினைத்தேன். ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்கள் வரும் நேரம். உங்கள் ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பில் ரேவதி இறங்குவதைப் பார்த்தேன். கம்பெனியில் போடும் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கையில் ஒரு காகிதப் பொட்டலம், கருவாடாக இருக்கும். புது மனைகள் பிரித்துப் போட்டிருக்கிறார்களே, அந்தக் காலி இடத்துக்குள் இறங்கி, ஒவ்வொரு புதராகப் பார்த்துக்கொண்டு, பட்டாணி பட்டாணி என்று மெல்லக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். ஓர் எம்-சாண்ட் குவியலுக்குப் பின்னால் பார்க்க ஒரு கையை இடுப்பில் ஊன்றிக் குனிந்தாள், நிமிர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் ஒரு ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் தேடிய பூனைக்கு மணல் வாங்கிய பையைக் கையில் வைத்துக்கொண்டே ஒளிந்துகொண்டேன். இத்தனை வயதில் நான் பட்ட அவமானங்களில் அதுதான் பெரியது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "புள்ளத்தாச்சிப் பொண்ணு வெயில்ல பூனையைத் தேடிகினு கீது, நம்ம ரெண்டு பேரும் அதுக்கு இங்க சோறு போட்டுகினு குந்திகீறோம். நல்லாகீது நம்ம பொழப்பு" என்றாள்.

நேற்று ரேவதி மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை அழவில்லை. "மாமா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. நாத்தம் நாத்தம்னு சொல்லிகினே இருந்தாரு. அவரு ஏதாவது பண்ணிட்டாரா?" என்றாள். நான் ஏதோ மழுப்பினேன். அவள் விடாமல் சொன்னாள்: "ஓடிப்போயிருந்தா நான் தேடலாம் மாமா. பசிச்சா எங்கிருந்தாவது வந்துடும். அவரே வுட்டுட்டு வந்துட்டு எங்கிட்ட மாத்தி சொல்லியிருந்தாருன்னா, நான் யாரை மாமா தேடறது?"

போனை வைத்தபிறகு தாளும் பேனாவும் எடுத்தேன்.

உன்னை எனக்குத் தெரியும். இதைப் படித்ததும் உனக்கு முதலில் நிம்மதி வரும், பூனை உயிரோடு இருக்கிறதே என்று. அடுத்ததாக ஒரு யோசனை வரும்: அப்பா பூனையை எங்கோ கண்டுபிடித்ததாகச் சொல்லிவிடலாம், எல்லோருக்கும் சந்தோஷம், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். தம்பி, அதைச் செய்யாதே. அது நாற்றத்தின் மேல் ஊதுவத்தி கொளுத்தி வைக்கிற வேலை. கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்து மணக்கும், பிறகு பழையது மட்டும் மிஞ்சும். அவள் பால்கனிக் கதவைத் தான்தான் சாத்தவில்லை என்று நினைத்துக்கொண்டே பிள்ளையைப் பெற்றெடுக்க வேண்டுமா? வளைகாப்புக்கு நாள் குறிக்க அவள் அம்மா வீட்டார் ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூரிலிருந்து வருகிறார்கள். அதற்கு முன்னால் இது தீர வேண்டும். அவள் கோபப்படுவாள், பேசாமல் இருப்பாள், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றும் சொல்லலாம். சொல்லட்டும், நீ பதில் பேசாமல் கேட்டுக்கொள். அவள் என்மேலும் கோபப்பட வேண்டியிருக்கிறது, அதை நான் வாங்கிக்கொள்கிறேன். நீ கெட்டவன் இல்லை. களைத்துப்போயிருந்தாய், பயந்துபோயிருந்தாய், எதைச் சுத்தம் செய்வது என்று தெரியாமல் எதையோ தூக்கி வெளியே போட்டாய். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

சனிக்கிழமை உனக்கு வீக் ஆஃப், அவளுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். அவள் வருவதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்துவிடு. பால்கனியில் இருக்கும் பினாயிலையும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எடுத்து வெவ்வேறாகப் பூட்டி வை. தரையை வெறும் சோப்புத் தண்ணீரில் துடை. பூனை போன மூலைகளில் வினிகர் தண்ணீர் போட்டுத் துடைத்துக் காயவிடு, அதற்கு முன்னால் அங்கே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தாயானால் முதலில் நல்ல தண்ணீரில் பலமுறை கழுவு. பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடி. ஒரு ஜோடி கையுறை வாங்கி வை, அது உனக்குத்தான். இன்னொன்று, பட்டாணி ஆண் பூனை, அது தட்டில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து மூத்திரம் வராமல் தவித்தால் நாற்றம் இல்லை என்று சந்தோஷப்படாதே, அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு.

நானும் அம்மாவும் சாயங்காலம் வருகிறோம். பட்டாணியை அரிசிப் பையில் கொண்டுவர மாட்டேன், மூடி போட்ட கூடை வாங்கியிருக்கிறேன். கழுவிக் காயவைத்த தட்டு, புது மணல், ஆப்பசோடா, அள்ளுகிற கரண்டி எல்லாம் என் கையில் இருக்கும். அம்மா உன் வீட்டுக்கு முதல் மூச்சு இழுத்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஆனால் நாங்கள் மேலே வந்துவிட்டால் ரேவதி பூனையைத்தான் பார்ப்பாள், நீ சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் தெருவில், உன் ஜன்னலுக்கு நேர் கீழே, அந்த வேப்பமரத்தடியில் நிற்கிறோம். அவளை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, நடந்ததை நடந்தபடி அவளிடம் சொல். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, எங்களுக்கு அவசரம் இல்லை.

சொல்லி முடித்ததும் அந்த ஜன்னலைத் திற. திறந்தால்தான் நான் படி ஏறுவேன்.

அப்பா